கால் போடும் கணக்கு

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே திசையில் ஆட்டுங்கள்: இரண்டும் இடப்பக்கம், பிறகு இரண்டும் வலப்பக்கம். மெதுவாகச் செய்தால் சிரமம் தெரியாது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விடும். இரண்டும் உள்ளே, இரண்டும் வெளியே என்று ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஆடத் தொடங்கிவிடும். மாற்றச் சொல்லி நீங்கள் உத்தரவு போடவில்லை. வேகம் கூடியதும் உடம்பே மாற்றிக்கொண்டது.

ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் இதை அளந்து பார்த்தார். மெதுவான வேகத்தில் இரண்டு விதமாகவும் விரல்களை ஆட்ட முடிகிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஒரே ஒரு விதம்தான் நிலைக்கிறது. 1985-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்மன் ஹாக்கனும் கெல்சோவும் இன்னொருவரும் சேர்ந்து இதற்கு ஒரு சமன்பாடே எழுதினார்கள். அதன் சாரம் எளிது. மழைத்தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல, கைகால்களின் அசைவும் சில பள்ளங்களை நோக்கித்தான் ஓடும். மூளை மேலே உட்கார்ந்து ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது என்ற பழைய எண்ணத்தை இந்தச் சின்னச் சோதனை ஆட்டிவைத்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மதுரைப் பக்கத்துப் பறையாட்டக்காரர் ஒருவரைப் பாருங்கள். தோளிலிருந்து தொங்கும் பறை மார்போடும் வயிற்றோடும் சேர்ந்து நிற்கிறது. வலது கையில் குட்டையான, கனமான அடிக்குச்சி. இடது கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சுண்டுக்குச்சி. ஒன்று தோலின் நடுவில் ஆழமாக அடிக்கிறது. மற்றது மேலிருந்து சுண்டிவிடுகிறது. எடை வேறு, நீளம் வேறு, மணிக்கட்டு திரும்பும் விதமும் வேறு. கீழே இரண்டு கால்களும் சலங்கையோடு தனியாக ஓர் ஓட்டத்தில் போகின்றன. நடுவே குனிகிறார், சுற்றுகிறார், பக்கத்தில் நிற்பவரோடு இடம் மாறுகிறார். விரல்களை வைத்து நாம் தோற்றுப்போனதுபோல வேகமான ஆட்டம்தான். கைகள் கண்ணாடிப் பிம்பமாகச் சரிந்து விழுவதே இல்லை.

இது எப்படி முடிகிறது? 1992-ல் பியர்-ஜியோர்ஜியோ சனோனும் கெல்சோவும் செய்த இன்னொரு சோதனை பதில் சொல்கிறது. உடம்புக்கு இயல்பாக வராத ஓர் இடைப்பட்ட ஓட்டத்தை, ஒரு கை மற்றதைவிடக் கால் சுற்று பின்தங்கி வரும் ஓட்டத்தை, ஆட்களுக்குச் சில நாட்கள் பழக்கினார்கள். பழகியதும் அது நிலையான ஓட்டமாகிவிட்டது. புதிதாக ஒரு பள்ளம் வெட்டப்பட்டது என்று சொல்லலாம். ஆனால் அதைவிடச் சுவையான சேதி ஒன்று உண்டு. புதுப் பள்ளம் வெட்டியதும் பழைய பள்ளங்களின் அமைப்பும் மாறிவிட்டது. ஓர் அசைவைக் கற்றவருக்கு அந்த அசைவு மட்டும் கூடுதலாகச் சேர்வதில்லை. அவருடைய மற்ற அசைவுகளும் இடம் பெயர்கின்றன. பத்து அடி தெரிந்த பறையாட்டக்காரரின் உடம்பில் பதினோராவது அடி பிறப்பதற்கான நிலம் இப்படித்தான் உருவாகிறது.

ஆட்டத்தை அமைப்பது என்றால் முதலில் தலையில் யோசித்து, பிறகு உடம்பைக் கொண்டு நிறைவேற்றுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். படித்தவர்கள் இன்னும் உறுதியாக நினைக்கிறார்கள். என் கருத்து நேர் எதிரானது. ஆட்டத்தில் யோசனை நடக்கிற இடமே உடம்புதான். கடந்த நாற்பது ஆண்டுகளின் ஆய்வுகள் இதன் பக்கம்தான் சாய்ந்து வருகின்றன. நம் ஊர் ஆசான்களும் வாத்தியார்களும் பாடம் சொல்லித்தரும் முறையே இதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இருக்கிறது அலங்காநல்லூர். வெளியூர்க்காரர்களுக்கு ஜல்லிக்கட்டால் தெரிந்த ஊர். அந்த ஊர்க்காரரான பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு தனிமனிதருக்குக் கிடைத்த பெருமையாக மட்டும் அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சாவு வீட்டில் அடிக்க வேண்டும், ஊர்ச் செய்தியைச் சாற்ற வேண்டும் என்று ஒரு சாதியின்மேல் கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலை பறையடிப்பது. அடித்தவரின் அறிவை யாரும் அறிவாகக் கணக்கில் எடுத்ததில்லை. மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு கிராமிய இசையையும் பறையையும் விடுதலையின் மொழியாக வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். இந்த மரியாதை மீட்பு இல்லாமல் அந்த அறிவைப் பற்றி அறிவியல் பேசுவது முறையாகாது.

ஆட்டத்துக்கு முன்னால் பறையைக் காய்ச்சுவதிலிருந்தே உடம்பின் கணக்கு தொடங்கிவிடுகிறது. வேப்பமரப் பலகைகளை வளையமாகச் சேர்த்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிச் செய்யப்படுவது பறை. காற்றில் இருக்கும் ஈரத்தைத் தோல் குடித்துத் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் காட்டினால் ஈரம் வெளியேறும், தோல் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். எவ்வளவு நேரம் காட்டுவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. நடுநடுவே விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். காது ஒன்று சொல்கிறது, விரல்நுனிக்குத் திரும்பி வரும் உதைப்பு இன்னொன்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் நேரத்தில் தீயிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் தாமதித்தால் தோல் பொசுங்கிப் போகும்.

பாடம் தொடங்கும்போது பல குழுக்களில் குச்சியை உடனே கையில் கொடுப்பதில்லை. முதலில் வாய், பிறகு கால். ஆசான் சொற்கட்டைச் சொல்கிறார், பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே கால் வைக்கிறார்கள். எழுதி வைத்துப் பார்க்கும் குறிப்பு எதுவும் இல்லை. சப்பரத்து அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி, டப்பா அடி, ஒத்தையடி, ஜாயிண்ட் அடி என்று அடிகளுக்குப் பெயர்கள் மட்டும் உண்டு. அந்த அடி என்ன என்று கேட்டால் வாயால் விளக்க மாட்டார்கள், ஆடிக் காட்டுவார்கள். கேட்பவருக்கு அது மழுப்பல் மாதிரித் தெரியலாம். உண்மையில் அதைவிடத் துல்லியமான பதில் இல்லை.

லண்டனைச் சேர்ந்த நடன அமைப்பாளர் வெய்ன் மெக்ரெகரின் குழுவை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகப் பேராசிரியர் டேவிட் கெர்ஷ் நெருக்கமாகப் படம் பிடித்து ஆராய்ந்திருக்கிறார். புதிய ஆட்டம் ஒன்று எப்படி உருவாகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து பதிவு செய்தார்கள். அமைப்பாளர் சில நேரம் தானே ஆடிக் காட்டுகிறார். சில நேரம் ஓர் ஆட்டக்காரரின் உடம்பையே களிமண்ணைப்போல் திருத்தித் திருத்தி உருவாக்குகிறார். சில நேரம் ஒரு புதிரைக் கொடுத்துவிட்டு அவர்களே விடை தேடட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறார். பேச்சு மிகக் குறைவு. பேச்சுக்குப் பதில் வாயால் விதவிதமான ஓசைகள் எழுப்பி அசைவின் வேகத்தையும் அழுத்தத்தையும் கடத்துகிறார். ஆய்வாளர்களுக்கு அது ஒரு கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. சொற்கட்டு கேட்டு வளர்ந்த நமக்கு அதில் வியப்பு இல்லை. நட்டுவாங்கமும் தவிலும் பறையும் அந்த வழியில்தான் காலங்காலமாகப் பாடம் நடத்துகின்றன.

கெர்ஷின் இன்னொரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டக்காரர்கள் ஒத்திகையில் எப்போதும் முழு வேகத்தில் ஆடுவதில்லை. குதிக்க வேண்டிய இடத்தில் குதிகாலை மட்டும் தூக்குவார்கள். சுழல வேண்டிய இடத்தில் விரலைச் சுழற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மேடைக்காரர்கள் இதை மார்க்கிங் என்பார்கள். களைப்பைத் தவிர்க்கும் வழி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கெர்ஷ், ஆட்டக்காரர்களுக்குப் புதிய ஆட்டத் துண்டுகளைக் கற்றுக்கொடுத்து மூன்று விதமாகப் பயிற்சி செய்யச் சொன்னார்: முழுமையாக ஆடிப் பார்ப்பது, மார்க்கிங் செய்வது, படுத்துக்கொண்டு மனதுக்குள் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. பிறகு ஆடச் சொல்லி மதிப்பெண் போட்டபோது மார்க்கிங் செய்தவர்களே முந்தினார்கள். முழுமையாக ஆடியவர்கள் அடுத்து, மனதுக்குள் ஓட்டியவர்கள் கடைசி.

முழுமையாக ஆடும்போது கவனத்தில் பெரும்பங்கு சமநிலைக்கும் மூச்சுக்கும் செலவாகிறது. மனதுக்குள் மட்டும் ஓட்டினால் பிடிப்பு இல்லாமல் நழுவுகிறது. அரைகுறையாக அசையும் கையோ, நினைவு தொங்கிக்கொள்ள ஓர் ஆணி அடித்துத் தருகிறது; மிச்சக் கவனம் ஆட்டத்தின் கட்டமைப்பைப் பார்க்கப் போகிறது. அந்தக் காலத்து நட்டுவனார்கள் தரையில் உட்கார்ந்தபடி, தட்டுக்கழியால் தாளம் தட்டிக்கொண்டு, முழு வர்ணத்துக்கும் கையாலேயே அடவு காட்டியதற்கு இப்போது ஒரு விளக்கம் கிடைக்கிறது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்கள் எழுந்து ஆடாமலேயே ஆட்டங்களை அமைத்தார்கள் என்றால், ஒரு மேடை முழுவதும் அவர்களுடைய இரண்டு உள்ளங்கைகளுக்குள் இயங்கிக்கொண்டிருந்தது என்று பொருள்.

அடுத்து மாரியம்மன் கோயில் வாசலுக்கு வருவோம். நாயனமும் தவிலும் பம்பையும் சேர்ந்த நையாண்டி மேளத்துக்குக் கரகம் ஆடுகிறார் ஒருவர். தலையில் இருக்கும் செம்பை அவர் கண்ணால் பார்க்க முடியாது. கையும் படாது. ஆனாலும் ஏணியில் ஏறுகிறார், குனிகிறார், சுழல்கிறார். பார்வையின் உதவி இல்லாமல் உடம்பின் நிலையை அறியும் இந்தப் புலனுக்குத் தனிப் பெயர் வைத்தவர் சார்லஸ் ஷெரிங்டன், 1906-ல். தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய கதிர் வடிவ உணரிகள் ஒவ்வொரு நீட்சியையும் மூளைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. உடம்பிலேயே அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கும் இடங்களில் ஒன்று, மண்டை ஓட்டுக்கு அடியில் பின்கழுத்தில் இருக்கும் சின்னத் தசைகள். கரகக்காரரின் கணக்குப்பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். செம்பு கனமாக, உயரமாக இருப்பதும் ஓர் உபாயம். வெறும் செம்பு சட்டென்று சாய்ந்துவிடும். அரிசி நிரப்பி, மேலே பூவும் கிளியும் வைத்து உயர்த்தினால் சாய்வதற்கு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் கழுத்து திருத்திக்கொள்ளும்.

இந்தப் புலன் போனால் என்ன ஆகும் என்பதற்கு இயன் வாட்டர்மேன் சாட்சி. இங்கிலாந்துக்காரரான அவருக்கு 1971-ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் நிலை உணர்வும் போய்விட்டன. தசைகளுக்கு வலு இருந்தது, ஆனால் கை எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கப் பழகினார். விளக்கு அணைந்தால் அவரால் நிற்க முடியாது. ஒவ்வோர் அசைவையும் தலையால் யோசித்துச் செய்வது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பயிற்சி என்றால் ஒரே அசைவை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்வது என்ற நினைப்பும் திருத்தப்பட வேண்டும். 1920-களில் மாஸ்கோவில் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் தொழிலாளர்கள் சுத்தியலால் உளியை அடிப்பதைப் படமெடுத்து அளந்தார். தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே பாதையில் வந்து உளியைத் தொட்டது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு கோணத்தில் இருந்தன. தோள் கொஞ்சம் தவறினால் மணிக்கட்டு அதைச் சரிக்கட்டியது. பயிற்சியில் ஒருவர் திரும்பத் திரும்பச் செய்வது சிக்கலைத் தீர்க்கும் செயலைத்தான், அதே தீர்வை அல்ல என்று அவர் முடிவுக்கு வந்தார். பறையாட்டத்திலும் இதைப் பார்க்கலாம். வரிசையில் நிற்கும் எட்டுப் பேரும் ஒரே அடியை ஒரே நேரத்தில் இறக்குகிறார்கள். ஆனால் எட்டு உடம்பும் எட்டு வழியில் அங்கே வந்து சேர்கின்றன. கூர்ந்து பார்த்தால் ஒரே ஆள் இரண்டு முறை ஒரே மாதிரி வருவதில்லை. இந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகளில் ஒன்று எப்போதாவது அழகாக அமைந்துவிடும். ஆசான் அதைப் பிடித்துக்கொண்டால் புது அடி ஆகிவிடும்.

கேட்பதற்கும் கால் தேவை என்று சொன்னால் நம்புவீர்களா? கனடாவில் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் 2005-ல் ஏழு மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். எங்கும் அழுத்தம் இல்லாத ஆறு எண்ணிக்கைத் தாளம் ஒன்றை ஒலிக்கவிட்டு, சில குழந்தைகளை இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு முறையும் மற்றவர்களை மூன்று எண்ணிக்கைக்கு ஒரு முறையும் கையில் ஏந்தித் துள்ளவைத்தார்கள். பிறகு அழுத்தம் சேர்த்த தாளங்களைப் போட்டபோது, ஒவ்வொரு குழந்தையும் தான் துள்ளிய விதத்துக்குப் பொருந்திய தாளத்தையே கூடுதல் நேரம் கேட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் இதே முடிவு. வேறொருவர் துள்ளுவதைப் பார்த்த குழந்தைகளிடம் இந்த மாற்றம் வரவில்லை. ஒரே ஓசையைத் தக தக தக என்று கேட்பதா, தகிட தகிட என்று கேட்பதா என்பதைக் குழந்தையின் உடம்பு முடிவு செய்தது. நம் கிராமத்துத் தாளங்கள் பலவும் இந்த ஆறு எண்ணிக்கையில்தான் ஓடுகின்றன. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேளத்துக்கு ஏற்ப ஆட்டும் தாய் அந்தப் பிள்ளைக்கு முதல் தாளப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அவளைத் தாண்டித்தான் எந்த இசை ஆசிரியரும்.

பெரியவர்களிடமும் இந்தத் தொடர்பு அறுவதில்லை. அசையாமல் படுத்துக்கொண்டு தாளம் கேட்டாலும் மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன என்று ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-ல் காட்டினார்கள்.

ஆடத் தெரிந்தவர் ஆட்டத்தைப் பார்ப்பதும் வேறு விதம். பியட்ரிஸ் கால்வோ-மெரினோவும் குழுவும் 2005-ல் லண்டனில் பாலே ஆட்டக்காரர்களையும் பிரேசிலின் கபோய்ரா ஆட்டக்காரர்களையும் ஆடத் தெரியாதவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இரண்டு ஆட்டங்களின் காணொளிகளையும் காட்டினார்கள். தான் ஆடப் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போதுதான் அசைவுக்கான மூளைப் பகுதிகள் அதிகம் இயங்கின. பார்த்துப் பழகியதால் அப்படி இருக்கலாமே என்று கேட்கலாம். அடுத்த ஆண்டு அதற்கும் பதில் தேடினார்கள். பாலேயில் ஆண்கள் மட்டும் ஆடும் அசைவுகளும் பெண்கள் மட்டும் ஆடும் அசைவுகளும் உண்டு. இரு தரப்பும் ஒரே கூடத்தில் தினமும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அப்படியிருந்தும் அவரவர் ஆடிய அசைவுக்கே மூளை கூடுதலாக எழுந்தது. ஒயிலாட்டம் வெகுகாலம் ஆண்களின் ஆட்டமாக இருந்தது, பெண்கள் திண்ணையிலிருந்து பார்த்தார்கள். இன்று பெண்களும் துண்டை வீசி வரிசை கட்டுகிறார்கள். வரிசைக்குள் வந்தவர்களுக்கு அந்த ஆட்டம் இதற்கு முன் தெரியாத ஒரு முகத்தைக் காட்டியிருக்கும் என்று நம்புகிறேன்.

உடம்பு அசைந்தால் புது எண்ணம் வருமா என்ற கேள்விக்கு நேரடியான சோதனை ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-ல் வெளியிட்டது. ஒரு பொருளுக்கு வழக்கத்தில் இல்லாத பயன்களை யோசிக்கச் சொன்னபோது, முதல் சோதனையில் 81 சதவீதம் பேர் உட்கார்ந்திருந்ததைவிட நடக்கும்போது நன்றாக யோசித்தார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வேலையில் நடை உதவவில்லை. புதுமை வேண்டும் என்றால் நட, கணக்குத் தணிக்கை என்றால் உட்கார் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உடம்பைப் பற்றிய ஆய்வு என்று வருவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன் மாறும், துணிச்சல் பிறக்கும் என்று 2010-ல் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பரவியது. 2015-ல் 200 பேரை வைத்துத் திருப்பிச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றமும் வரவில்லை, துணிச்சலான நடத்தையும் வரவில்லை. பறையைத் தோளில் மாட்டிய பெண்ணின் நிமிர்வு இரண்டு நிமிட நிற்றலால் வந்ததல்ல. ஆண்டுக்கணக்கான பயிற்சியும், கூட நிற்கும் தோழிகளும், ஊர் முன்னால் அடித்துக் காட்டிய அனுபவமும் சேர்ந்து கொடுத்தது. நல்ல அறிவியல் இந்த வித்தியாசத்தை மதிக்க வேண்டும்.

புதியதை உருவாக்க உடம்பைக் கேள்வி கேட்டவர்களில் நடன அமைப்பாளர் சந்திரலேகாவை விட்டுவிட முடியாது. எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர், மேடையிலிருந்து விலகியிருந்த காலத்துக்குப் பிறகு 1985-ல் ‘அங்கிகா’வைப் படைத்தார். பரதத்தின் அரைமண்டியையும் களரிப்பயிற்சியின் தாழ்நிலைகளையும் யோகாசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதுகெலும்பு எங்கே நிமிர்கிறது, எடை எந்தக் காலுக்குப் போகிறது என்ற கேள்விகள்தான் அந்தப் படைப்பின் கரு. 1989-ல் பாஸ்கரரின் கணித நூலான லீலாவதியை எடுத்துக்கொண்டு ஆட்டம் அமைத்தார். அவருடைய குழுவில் பத்தாண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர் இன்று சென்னையிலிருந்து தன் வழியில் ஆட்டங்களை அமைக்கிறார்.

அலங்காநல்லூரில் பறையை மாட்டியவரும் சென்னையில் அரைமண்டியில் நின்றவரும் ஒரே முறையைத்தான் கைக்கொண்டார்கள் என்பது என் துணிபு. எல்லை ஒன்றைப் போட்டுக்கொண்டு அதற்குள் உடம்பைத் தேடவிடுவது அந்த முறை. ஆறு எண்ணிக்கை முடியும்போது வலது கால் கீழே இருக்க வேண்டும், குச்சி தோலில் இருக்க வேண்டும். அதற்குள் எப்படிச் சுற்றினாலும் சரி. எல்லை இறுக இறுக உடம்பு புதிய வழி கண்டுபிடிக்கிறது. எந்த எல்லையும் இல்லாமல் இஷ்டப்படி ஆடு என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் பழக்கப்பட்ட நாலு அசைவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். தண்ணீர் பழைய பள்ளத்துக்கே போய்விடும்.

முதுமைக்கும் ஆட்டத்தில் சேதி உண்டு. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-ல் வெளியானது. அவர்கள் செய்த உடலுழைப்புப் பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதி நோய் குறைவதோடு தொடர்பு காட்டியது. கவனித்து மட்டும் பார்த்த ஆய்வு அது, ஆகவே ஆடினால் மறதி வராது என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் தாளம், நினைவு, சமநிலை, பக்கத்து ஆளின் கவனம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் உடற்பயிற்சி வேறு எது இருக்கிறது?

இதுவரை சொன்ன நடன ஆய்வுகளில் ஆடியவர்கள் பாலே, கபோய்ரா, மெக்ரெகரின் நவீன நடனம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள். ஆறு எண்ணிக்கைக்குள் இரண்டு கை, இரண்டு கால், ஒரு பறை என்று ஐந்தையும் கட்டி மேய்க்கும் ஆட்டக்காரர்கள் மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நகரத்திலும் அதை ஒட்டியும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அசைவை அளக்க இன்று ஒரு நல்ல கேமராவும் சில உணரிகளும் போதும். சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் எந்த வேகத்தில் எந்த இடைவெளியில் நிலைக்கின்றன என்பது ஒரு மாணவரின் முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகக் காணும். கரகக்காரரின் கழுத்தைப் பற்றிய ஆய்வு, தலைசுற்றலால் நடக்கத் தடுமாறும் முதியவர்களுக்குப் பயன்படக்கூடும்.

அப்படி ஓர் ஆய்வைத் தொடங்கப் போகும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசான்களைக் கூப்பிட்டு உடம்பில் கம்பி ஒட்டி அளந்துவிட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். என்ன கேள்வி கேட்பது என்பதையே அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மற்ற ஆய்வாளர்களுக்குத் தரும் ஊதியத்தை அவர்களுக்கும் கொடுங்கள். கட்டுரை அச்சாகும்போது ஆசிரியர் வரிசையில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.